நெட்வொர்க் டிரைவும் ஆன்ட்டிவைரஸும்: எதைச் சோதிப்பது, எதை விடுவது

வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் சேர்ந்துவிட்டால், எல்லோருடைய படங்களையும் பாட்டுகளையும் ஆவணங்களையும் ஓரிடத்தில் வைக்க ஒரு பொது வட்டு வாங்குவது வழக்கமாகி வருகிறது. ரவுட்டருக்குப் பக்கத்தில் நாஸ் என்று சொல்லப்படும் சிறு பெட்டி உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டால் ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும். கணினியில் அது இசட் டிரைவ் என்றோ ஒய் டிரைவ் என்றோ, சொந்த வட்டைப் போலவே தெரியும். இதையும் ஆன்ட்டிவைரஸ் சோதிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. சோதிக்கச் சொன்னால் கணினி மணிக்கணக்கில் திணறுகிறது. விடச் சொன்னால் அங்கே ஏதாவது ஒளிந்துகொள்ளுமோ என்று மனம் பதறுகிறது. இதற்குத் தெளிவான விடை உண்டு. வாரம் ஒருமுறை ஓடும் முழு ஸ்கேனிலிருந்து நெட்வொர்க் டிரைவை விலக்குவது சரி. அந்த டிரைவிலிருந்து ஒரு கோப்பைத் திறக்கும் நொடியில் நடக்கும் சோதனையை நிறுத்துவது தவறு. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி, விதிவிலக்குப் பட்டியலில் ஒரே வரியைச் சேர்த்து இரண்டையும் சேர்த்து அணைத்துவிடும்போதுதான் ஆபத்து வீட்டுக்குள் வருகிறது.

முதலில் அந்த டிரைவின் இயல்பைப் பார்ப்போம். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் வடிவமைத்த எஸ்எம்பி என்ற நெறிமுறையின் வழிவந்ததுதான் இன்று விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சாம்பா மென்பொருள், விண்டோஸ் இல்லாத கணினிகளும் அதே நெறிமுறையில் கோப்புகளைக் கொடுத்து வாங்க வழிசெய்தது. வீட்டு நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸும் சாம்பாவும்தான். கணினி ஒரு கோப்பைக் கேட்டால், பெட்டி அதன் பைட்டுகளை எடுத்துக் கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ அனுப்புகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் ஒன்று அந்தப் பெட்டியில் பத்து ஆண்டுகள் கிடந்தாலும் தானாக எழுந்து எதையும் செய்யாது. ஏதாவது ஒரு விண்டோஸ் கணினி அதைத் தன் நினைவகத்துக்குள் ஏற்றி இயக்கினால்தான் அதற்கு உயிர். ஆகவே வைரஸ் தீங்காக மாறும் இடம் கணினியின் நினைவகம். அது கிடக்கும் வட்டு அந்த இடமன்று. மேலே சொன்ன விடைக்கு அடிப்படையே இந்த ஒரு உண்மைதான்.

ஆன்ட்டிவைரஸும் இந்த உண்மையை ஒட்டியே கட்டப்பட்டிருக்கிறது. அது இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, உடனுக்குடன் நடக்கும் காவல். விண்டோஸில் எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறக்கக் கேட்டாலும், அந்தக் கோரிக்கை இயங்குதளத்தின் உட்கருவில் உள்ள வடிகட்டி நிரல் ஒன்றைக் கடந்துதான் போக வேண்டும். ஆன்ட்டிவைரஸ் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கோரிக்கையைச் சற்று நிறுத்தி, கோப்பைப் படித்து, தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிட்டு, சந்தேகத்துக்குரிய நடத்தை தெரிகிறதா என்று பார்த்து, அதன் பிறகே வழிவிடுகிறது. கோப்பு சி டிரைவிலிருந்து வந்தாலும் இசட் டிரைவிலிருந்து வந்தாலும் இந்த வாசல் ஒன்றுதான். இரண்டாவது, குறித்த நேரத்தில் நடக்கும் ஸ்கேன். யாரும் எதையும் திறக்காதபோதே, வட்டில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் போய் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்ப்பது அது. அரிசியை உலையில் போடும் முன் கல் பொறுக்காத வீடு கிடையாது. அதற்காக வாரந்தோறும் கிடங்குக்குப் போய் எல்லா மூட்டைகளையும் அவிழ்த்துக் கொட்டிப் பொறுக்குபவரும் கிடையாது. முதல் வகைச் சோதனை உலைக்கு முன் பொறுக்குவது. நெட்வொர்க் டிரைவில் நடத்தும் இரண்டாம் வகைச் சோதனை கிடங்கையே கொட்டிப் பார்ப்பது.

கிடங்கைக் கொட்டிப் பார்க்க ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிகாபிட் கம்பி இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு ஏறக்குறைய 110 மெகாபைட் வரை வரும். 4 டெராபைட் நிறைந்த ஒரு வட்டை முழுவதும் இந்த வேகத்தில் படித்து முடிக்க 10 மணி நேரம் ஆகும். வீட்டு ரவுட்டர் பழையதாகவும் அதன் துளைகள் 100 மெகாபிட் வேகத்தில் ஓடுவதாகவும் இருந்தால், வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டாகக் குறையும். அதே வேலைக்கு நான்கு நாளுக்கு மேல் ஆகும். ஆன்ட்டிவைரஸ் எல்லாக் கோப்புகளையும் கடைசி பைட் வரை படிப்பதில்லை என்பது உண்மை. பெரிய வீடியோவின் சில பகுதிகளை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஜிப் கோப்புகள், நிறுவல் கோப்புகள் ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் மொத்தத்தையும் இழுத்துத்தான் ஆக வேண்டும். சிறு கோப்புகளில் சிக்கல் வேறு. ஒரு புகைப்படத்தைப் பார்க்க, திற என்று ஒரு செய்தி, படி என்று ஒரு செய்தி, மூடு என்று ஒரு செய்தி எனக் கணினிக்கும் பெட்டிக்கும் இடையே பலமுறை போய்வர வேண்டும். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 11 மில்லிநொடி ஆகிறது. முள் சரியான தடத்துக்கு நகர்வதற்கு இன்னும் சில மில்லிநொடிகள். லட்சக்கணக்கான கோப்புகளுக்கு இதைப் பெருக்கினால், அந்த நேரம் முழுவதும் வட்டு ஓயாமல் அலைகிறது, வைஃபை நிரம்பி வழிகிறது, அடுத்த அறையில் படம் பார்ப்பவருக்குப் படம் நின்று நின்று ஓடுகிறது.

ஒருமுறை இந்தச் செலவைச் செய்துவிட்டால் முடிந்தது என்றாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சொந்த வட்டைப் பொறுத்தவரை அப்படி ஒரு வசதி உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை, எந்தக் கோப்பு எப்போது மாறியது என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. சென்ற முறை பார்த்த பிறகு மாறாத கோப்பை, அந்தப் பதிவேட்டை நம்பி, பல ஆன்ட்டிவைரஸ்கள் மறுமுறை தாண்டிச் சென்றுவிடும். நெட்வொர்க் டிரைவில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அதே கோப்பை வீட்டின் இன்னொரு கணினியோ கைபேசியோ மாற்றியிருக்கலாம்; அது இந்தக் கணினிக்குத் தெரிய வழியில்லை. ஆகவே பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் நான்கு கணினிகள் இருந்தால் நான்கும் தனித்தனியாக அதே கோப்புகளைப் படித்து அதே விடையைச் சொல்லும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இசட் டிரைவ் என்ற இணைப்பு, கணினியில் நுழைந்த பயனருக்கு உரியது. ஆன்ட்டிவைரஸ் பின்னணியில் இயங்குவது இயங்குதளத்தின் சொந்தக் கணக்கில். அந்தக் கணக்குக்கு இசட் டிரைவ் என்ற ஒன்றே தெரியாது. பெட்டியில் நுழைய வேண்டிய கடவுச்சொல்லும் அதனிடம் இருக்காது. இப்படித்தான், முழு ஸ்கேன் முடிந்தது என்று திரையில் வந்ததைப் பார்த்துப் பொது வட்டும் சோதிக்கப்பட்டுவிட்டது என நம்பியிருப்போம்; உண்மையில் அந்தப் பக்கமே அது போயிருக்காது. மைக்ரோசாஃப்ட், விண்டோஸோடு வரும் தன் டிஃபெண்டர் ஆன்ட்டிவைரஸில், இணைக்கப்பட்ட நெட்வொர்க் டிரைவுகளை முழு ஸ்கேனில் சேர்க்காமல் விடுவதையே இயல்பான அமைப்பாக வைத்திருக்கிறது. நாமாகக் கேட்டால்தான் சேர்க்கும்.

தவறாக நீக்கப்படும் அபாயத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆன்ட்டிவைரஸ் சில வேளைகளில் நல்ல கோப்பையும் தீயது என்று சொல்லிவிடும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் அத்தியாவசியமான கோப்பு ஒன்றை வைரஸ் என்று முத்திரை குத்தியது. உலகெங்கும் பல கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்து செயலற்றுப்போயின. ஒரு கணினியின் சொந்த வட்டில் இப்படி நடந்தால் பாதிப்பு அந்தக் கணினியோடு நிற்கும். பொது வட்டில் ஒரு கணினி தவறாக முடிவெடுத்து ஒரு கோப்பை அகற்றினால், வீட்டில் எல்லோருக்கும் அது காணாமல் போகும். அகற்றப்பட்ட கோப்பு எந்தக் கணினியின் தனிமைச் சிறையில் கிடக்கிறது என்று தேடும் வேலையும் சேரும். பழைய மின்னஞ்சல்களை ஒரே பெரிய கோப்பாகச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு, அதற்குள் இருக்கும் ஒரே ஒரு தீய இணைப்புக்காகக் கோப்பு முழுவதும் போய்விடும் ஆபத்தும் உண்டு.

நெட்வொர்க் டிரைவை முழு ஸ்கேனிலிருந்து விலக்குவதற்கு எதிராக வைக்கப்படும் முதல் வாதம் வலுவானது. கோப்பைப் பெட்டியில் போட்ட நாளில் அந்த வைரஸ் புதியதாக இருந்திருக்கலாம், ஆன்ட்டிவைரஸுக்கு அது தெரியாமல் போயிருக்கலாம். மறுபடி மறுபடி ஸ்கேன் செய்தால்தானே பின்னால் பிடிபடும் என்று கேட்கிறார்கள். பின்னால் பிடிபட வேண்டும் என்பது சரி. எப்போது பிடிபட வேண்டும் என்று பார்த்தால் விடை கிடைக்கும். அந்தக் கோப்பு தீங்கு செய்ய வேண்டுமானால் யாராவது ஒருவர் அதைத் திறக்க வேண்டும். திறக்கும் அந்த நொடியில் ஆன்ட்டிவைரஸ் பார்ப்பது, கோப்பு பெட்டிக்குள் போன நாளின் பட்டியலை வைத்து அல்ல. இன்று காலை வந்த பட்டியலை வைத்து. சென்ற ஞாயிறு நடந்த ஸ்கேனைவிட இன்று திறக்கும்போது நடக்கும் சோதனைக்குத்தான் அறிவு அதிகம். அப்படியும் கிடப்பில் உள்ளதைச் சுத்தமாக வைத்திருக்க விரும்புகிறவர்கள், அந்த ஸ்கேனைப் பெட்டிக்குள்ளேயே ஓட விடலாம். சினாலஜி, க்யூநாப் போன்ற பெட்டிகளில் கிளாம்ஏவி என்ற திறந்த மூல ஆன்ட்டிவைரஸை அடிப்படையாகக் கொண்ட வசதி இருக்கிறது. பெட்டி தன் வட்டைத் தானே படிப்பதால் நெட்வொர்க்கில் ஒரு பைட்டும் ஓடாது. நான்கு கணினிகள் நான்கு முறை செய்வதை ஒருமுறை செய்தால் போதும். பெட்டிகளில் உள்ள செயலி வலுக் குறைந்தது, கிளாம்ஏவியின் கண்டுபிடிக்கும் திறனும் முன்னணி விண்டோஸ் ஆன்ட்டிவைரஸ்களுக்கு ஈடு என்று சொல்ல முடியாது. ஆனால் கணினி வாசலில் இன்னொரு காவல் இருக்கும்போது, இந்த இரண்டாம் காவலுக்கு அந்த அளவு போதும்.

இரண்டாவது வாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரைப் பற்றியது. 2013 செப்டம்பரில் பரவத் தொடங்கிய கிரிப்டோலாக்கர், பாதிக்கப்பட்ட கணினியில் டிரைவ் எழுத்தோடு இணைக்கப்பட்டிருந்த நெட்வொர்க் வட்டுகளில் உள்ள கோப்புகளையும் குறியாக்கம் செய்து பூட்டியது. 2016 தொடக்கத்தில் வந்த லாக்கி, டிரைவ் எழுத்து கொடுக்காத பகிர்வுகளையும் தேடிப்போய்ப் பூட்டியது. இவ்வளவு ஆபத்து உள்ள இடத்தை ஸ்கேன் செய்யாமல் விடலாமா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்தத் தாக்குதல் நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். தீய நிரல் ஓடுவது கணினியின் நினைவகத்தில். பெட்டிக்கு வருவதோ, உரிமையுள்ள பயனர் ஒருவர் தன் கோப்பைத் திறந்து மாற்றி எழுதுகிறார் என்ற சாதாரணக் கோரிக்கை. எழுதப்பட்ட பிறகு அங்கே கிடப்பது பூட்டிய புகைப்படமும் பூட்டிய ஆவணமும். அவற்றுக்குள் வைரஸ் எதுவும் இல்லை. அந்த வட்டை எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. கணினியில் அந்த நிரல் ஓடத் தொடங்கும்போது பிடிக்க வேண்டும். தவறினால், பூட்டப்படாத பழைய பிரதி ஒன்று கைவசம் இருக்க வேண்டும். வாராந்திர ஸ்கேன் இந்த இரண்டில் எதையும் தருவதில்லை.

பெட்டியே தாக்கப்பட்ட நிகழ்வுகளும் இதையே சொல்கின்றன. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற தாக்குதல், இணையத்திலிருந்து நேரே எட்டும்படி இருந்த க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, அங்கிருந்த கோப்புகளை செவன்ஜிப் என்ற, எல்லோரும் பயன்படுத்தும் சுருக்கக் கருவியைக் கொண்டே கடவுச்சொல் போட்டுப் பூட்டியது, திறக்க 0.01 பிட்காயின் கேட்டது. அந்தக் கருவி எந்த ஆன்ட்டிவைரஸ் பட்டியலிலும் குற்றவாளி இல்லை. அதே ஆண்டு ஜூனில், 2015க்குப் பிறகு புதுப்பிப்பே பெறாத மை புக் லைவ் என்ற நெட்வொர்க் வட்டுகள் இணையம் வழியாகத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பப்பட்டு, பலருடைய ஆண்டுக்கணக்கான சேமிப்பு ஒரே இரவில் அழிந்தது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் மீண்டும் க்யூநாப் பெட்டிகளைப் பூட்டியது. கணினிகளைக் குறிவைத்த தாக்குதலிலும் இதே கதைதான்: 2017 மே மாதம் ஏறத்தாழ 150 நாடுகளைத் தாக்கிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர், எஸ்எம்பியின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகக் கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது; யாரும் எந்தக் கோப்பையும் திறக்கத் தேவைப்படவில்லை. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. இவற்றில் ஒன்றைக்கூட, மேசைக் கணினியிலிருந்து இசட் டிரைவை ஸ்கேன் செய்திருந்தால் தடுத்திருக்க முடியாது. புதுப்பிப்பைப் போட்டிருந்தாலோ, பெட்டியை இணையத்துக்குத் திறந்து வைக்காமல் இருந்திருந்தாலோ தடுத்திருக்கலாம்.

அப்படியானால் நெட்வொர்க் டிரைவை ஒரேயடியாக விதிவிலக்கில் போட்டு வேகத்தையாவது மிச்சப்படுத்தலாமே என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வாதம். வீடியோ வெட்டி ஒட்டுபவர்களும் பெரிய படக் கோப்புகளைக் கையாள்பவர்களும் இதைச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் தாமதம் உண்மையானது. ஆனால் டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரை விதிவிலக்காகச் சேர்த்தால், வாராந்திர ஸ்கேனோடு உடனுக்குடன் நடக்கும் காவலும் அங்கே நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் எழுதக்கூடிய, பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ இறக்கியதைப் போட்டு வைக்கும் ஓரிடத்துக்கு இப்படி முழு விலக்கு அளித்தால், ஆன்ட்டிவைரஸ் இல்லாத ஒரு கருவி கொண்டுவந்து போட்டது தடையே இல்லாமல் எல்லாக் கணினிகளிலும் இயங்க வழி திறந்துவிடும். விதிவிலக்குப் பட்டியலைத் தேடுவதும், அதில் தன் இருப்பிடத்தைத் தானே சேர்த்துக்கொள்வதும் தீய நிரல்களின் பழக்கமான உத்தி. விண்டோஸ் 10இன் சில பதிப்புகளில் இந்தப் பட்டியலை எந்தச் சாதாரணப் பயனரும் படிக்க முடிந்தது என்பது 2022 தொடக்கத்தில் பெரிதாகப் பேசப்பட்டு, பிறகு அடைக்கப்பட்டது. தாமதம் தாங்க முடியாதபோது, வீடியோ வேலைக்கென்று ஒரே ஒரு ஃபோல்டரை ஒதுக்கி, அதை மட்டும் விலக்கலாம். அங்கே எழுதும் உரிமையை ஒரே பயனருக்குக் கொடுக்கலாம். நிறுவல் கோப்புகளை அங்கே வைப்பதில்லை என்று உறுதியாக இருக்கலாம். அப்படி விலக்கும்போதும் இசட் என்ற எழுத்தைக் கொடுப்பது போதாது. பெட்டியின் பெயரோடு கூடிய முழு நெட்வொர்க் பாதையைக் கொடுக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் அறிவுரை.

காவல் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்பதை யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அதற்கென்றே ஐகார் அமைப்பு உருவாக்கிய சோதனைக் கோப்பு ஒன்று உண்டு. வெறும் 68 எழுத்துகள். எந்தத் தீங்கும் செய்யாது. ஆனாலும் எல்லா ஆன்ட்டிவைரஸ்களும் அதை வைரஸாகவே நடத்த வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். ஆன்ட்டிவைரஸ் இல்லாத கைபேசியிலிருந்து அந்தக் கோப்பைப் பொது வட்டில் போட்டுவிட்டு, கணினியிலிருந்து திறந்து பாருங்கள். உடனே எச்சரிக்கை வந்து கோப்பு திறக்க மறுத்தால், வாசல் காவல் நெட்வொர்க் டிரைவுக்கும் சேர்த்து இயங்குகிறது என்று பொருள். அந்த 68 எழுத்துகளும் சத்தமில்லாமல் திரையில் விரிந்தால், எங்கோ ஒரு விதிவிலக்கு அளவுக்கு மீறி அகலமாகப் போடப்பட்டிருக்கிறது; அதைத் தேடிச் சுருக்க வேண்டும்.

ஆகவே முடிவு இது. முழு ஸ்கேன் கணினியின் சொந்த வட்டோடு நிற்கட்டும். திறக்கும்போது நடக்கும் சோதனை எல்லா டிரைவுக்கும் இருக்கட்டும். மிச்சமாகும் நேரத்தையும் அக்கறையையும் பெட்டியின் பக்கம் திருப்புங்கள்: அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள், இணையத்திலிருந்து நேரே எட்டும் வழிகளை மூடுங்கள், படங்களைப் பார்க்க மட்டும் செய்பவருக்குப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள், கோப்புகளின் பழைய நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி பெட்டியில் இருந்தால் இன்றே இயக்குங்கள். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய எளிய விதி ஒன்று இன்றும் செல்லுபடியாகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒரு யுஎஸ்பி வட்டில் பிரதி எடுத்து, கம்பியைப் பிடுங்கி உறவினர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால், எந்த ரேன்சம்வேரும் அதைத் தொட முடியாது. உங்கள் வீட்டுப் பொது வட்டுக்கு அப்படி ஒரு பிரதி இதுவரை இல்லையென்றால், ஆன்ட்டிவைரஸ் அமைப்பைத் தொடுவதற்கு முன் அதை எடுத்து வையுங்கள்.